ஈயத் தகட்டின் நாலு மூலை

அண்ணை,

காலையிலிருந்து வீடு முழுக்கத் தார் மணக்கிறது. பின் வளவில் மூன்று கல் வைத்து, ஒரு பழைய தகரத்தில் காய்ச்சுகிறார்கள். யன்னலைச் சாத்தினாலும் மணம் வருகிறது, திறந்தாலும் வருகிறது. நான் குசினிக்குள் போய் ஒரு வேலையைத் தொடுகிறேன், அதைப் பாதியில் விட்டுவிட்டு அறைக்குள் வருகிறேன், பிறகு விறாந்தைக்குப் போகிறேன். உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்று இரண்டு தரம் மூடியைத் திறந்து பார்த்துவிட்டேன். உங்களுக்கு எழுத உட்கார்ந்தாலாவது ஓரிடத்தில் இருப்பேனோ என்று பார்க்கிறேன்.

உங்களுக்கு எழுதிக் கன காலம். யுத்தம் என்று முதலில் தபால் நின்றது. யுத்தம் முடிந்து தபால் வரத் தொடங்கியதும் முதல் வந்தது, உங்களோடு வேலை செய்த ஒருவரின் கடிதம். நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்று அதில் இருந்தது. யப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் நடந்ததாம். நாங்கள் இங்கே உங்களுக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்துகொண்டிருந்த நாள்களில் நீங்கள் ஏற்கனவே இல்லை. அதை நினைத்தால் யாரோடு கோபிப்பது என்று தெரியாமல் கோபம் வரும். நேற்று யாரோடு என்று தெரிந்துவிட்டது. அதுதான் இருக்க முடியவில்லை.

உடைப்பது நீங்கள் கட்டித்தந்த குளியலறையைத்தான். பயப்படாதேயுங்கள், ஒழுகவில்லை. தண்ணீர் வெளியே போகிற குழாய்க்குள் மாதுளை வேர் புகுந்து அடைத்துவிட்டது. குழாயை மாற்ற வேண்டுமென்றால் தரையைக் கிளப்பத்தான் வேண்டும் என்று என் வீட்டுக்காரர், உங்கள் மச்சான், அரியாலையிலிருந்து ஒரு மேசனைக் கூட்டிவந்தார். ஒல்லியான மனுசன், வாய் ஓயாமல் வெற்றிலை. நேற்று அலவாங்கை எடுத்து முதல் தரையோட்டை நெம்பினான். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் நடந்தபடி சொன்னால்தான் எனக்கே விளங்கும் போலிருக்கிறது.

நீங்கள் மலாயாவிலிருந்து வந்து இறங்கிய நாளில் கரவெட்டி ஊரே கூடிவந்து பார்த்தது. எல்லாரும் போல ரெயில்வேயில் கிளாக்கராகப் போன ஆள், கோட்டும் தொப்பியுமாக வருவார் என்று இருந்தார்கள். நீங்கள் கைகள் முழுக்கச் சீமெந்து வெடிப்போடு, ஒரு பெட்டி நிறைய மேசன் சாமான்களோடு வந்து நின்றீர்கள். கந்தோரில் இருக்கப் பிடிக்காமல் சீனர்களோடு சேர்ந்து குழாய் பூட்டவும் பீங்கான் ஓடு பதிக்கவும் பழகிவிட்டீர்களாம். நல்ல குடியில் பிறந்தவன் கரண்டி பிடிக்கப் போனானே என்று சனம் வாயில் போட்டு மென்றது. நீங்களோ பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சாமானையும் எனக்குக் காட்டினீர்கள். நகைப்பெட்டி திறப்பது மாதிரித் திறந்தீர்கள்.

காட்டி முடிய என் முகத்தைப் பார்த்தீர்கள். அந்தக் கிழமைதான் என் இரண்டாவது பிள்ளை போனது. கிணற்றடிப் பாசியில் ஏழாம் மாதம் வழுக்கி விழுந்தேன். முதற்பிள்ளை அதற்கு இரண்டு வருடம் முந்தி மாரியில் பிறந்து, அறை குளிர் தாங்காமல் மூன்றாம் நாள் போனது. இரண்டாவதைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனது நீங்கள்தான். கப்பலால் இறங்கிய களைப்புக்கூட ஆறவில்லை. திரும்பிவந்து படலையடியில் நின்று கொஞ்ச நேரம் உள்ளே வராமல் இருந்தீர்கள். நான் யன்னலால் பார்த்தேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் கதைக்கவில்லை.

மூன்றாவது தங்கியதும் பருத்தித்துறை ஆசுப்பத்திரியில் டொக்டர் சொன்னது ஒரே ஒரு சொல்: கிணற்றடிக்குப் போகக் கூடாது. உங்கள் மச்சான் வேலைக்காரியை வைத்து வாளியில் தண்ணீர் கொண்டுவருவதைப் பற்றி யோசித்தார். நீங்கள் தரையில் கரிக்கட்டியால் கோடு கீறத் தொடங்கிவிட்டீர்கள்.

“தங்கச்சி கிணத்தடிக்குப் போக வேண்டாம். கிணறு தங்கச்சியிட்டை வரட்டும்” என்றீர்கள்.

“உது வெள்ளைக்காரன்ரை பங்களாவிலை இருக்கிற சாமான். எங்கடை வீட்டிலை சரிவருமோ?” என்று அவர் கேட்டார்.

“சரிவராட்டில் நான் காதை அறுக்கிறன் மச்சான்.”

என் அறையோடு ஒட்டிக் கட்டினீர்கள். சுவருக்கு மேலே பீப்பா, அதிலிருந்து குழாய், குழாயின் நுனியில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பூவாளியின் வாய். திருகினால் தலைக்கு மேலே மழை. நான் சிரித்தேன். அந்த வருடத்தில் நான் சிரித்தது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு பயம் இருந்தது. என் அறைக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். தரைக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் அந்தச் சுவரில் ஊறி என் அறைக்கு ஏறிவிடும். மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “மார்கழியிலை பிள்ளை பெறப்போறாய். அறையிலை ஈரம் ஏறினால் முதல் பிள்ளைக்கு வந்ததுதான் இதுக்கும்” என்றாள். அடுத்த நாள் யாழ்ப்பாணம் போய் ஒரு சுருள் ஈயத் தகடு கொண்டுவந்தீர்கள்.

தரையோட்டுக்குக் கீழே அந்தத் தகட்டை ஒரு தட்டம் போல விரித்து, நாலு பக்கமும் ஒரு சாண் சுவரில் ஏறும்படி மடித்தீர்கள். மூலைகளை வெட்டவில்லை. “வெட்டினால் பொருத்து வரும், பொருத்து வந்தால் ஒழுகும். கூழ் குடிக்கப் பனையோலையிலை பிளாக் கோலுறமெல்லே, அப்பிடித்தான் மடிக்க வேணும்” என்றீர்கள். சீமெந்து ஈயத்தைத் தின்னும் என்று மேலும் கீழும் தார் பூசினீர்கள். அப்போதும் வீடு இப்படித்தான் மணத்தது. பிறகு தண்ணீர் வெளியேறுகிற போக்குவாயைத் துணியால் அடைத்து, தட்டம் நிரம்பத் தண்ணீர் விட்டு, சுவரில் கரியால் கோடு போட்டீர்கள். ஒரு பகலும் ஓர் இரவும் நின்றது. நூல்கூட இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற உங்கள் மச்சான் அடிமட்டம் கொண்டுவந்து குனிந்து அளந்து பார்த்துவிட்டு, “சரி, ஒப்புக்கொள்ளுறன்” என்றார். அவர் வாயால் அந்தச் சொல் வருவது எவ்வளவு அரிது என்று உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்குத்தான் பருத்தித்துறை வீதியில் வீடு கட்டிக்கொண்டிருந்த மலாயாப் பென்சன்காரரும் வந்தார். கைத்தடியால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். “ஓடு பதிச்சு ரெண்டு மாதம் குளிச்சுப் பாருங்கோ. ஒழுகாட்டில் என்ரை வீட்டிலை மூண்டு குளிக்கிற அறை வேலையும் தம்பிக்குத்தான்” என்றார். அவரைப் படலை மட்டும் விட்டுவிட்டு நீங்கள் குசினி வாசலுக்கு வந்தீர்கள்.

“உது கிடைச்சால் ஊரிலை நாலு பேர் என்னை மேசன் எண்டு மதிப்பினம். நான் இனிக் கப்பல் ஏறமாட்டன் பிள்ளை” என்றீர்கள்.

எனக்கு நினைவிருக்கிறது, அண்ணை. ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அந்த வேலையைச் செய்தேன்.

தகட்டுக்கு மேல் சாந்து போட்டிருந்தீர்கள். அது இறுக முந்தியே ஊர்ச் சனம் பார்க்க வரத் தொடங்கியது. வீட்டுக்குள் மழை பெய்கிறதாம் என்று கேள்விப்பட்டு அயலூரிலிருந்தும் வந்தார்கள். ஒருத்தி பூவாளியைப் பார்த்து, “உனக்கென்ன, ராசாத்தி மாதிரி” என்றாள். இன்னொருத்தி என் வயிற்றைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது. இரண்டு பிள்ளையைத் தின்ற கண்ணூறு இதையும் விடாது என்று பட்டது. உங்கள் மச்சானிடம் வாய் திறக்க முடியுமா? மந்திரம், மாயம் என்று ஒரு சொல் எடுத்தால் அவர் பள்ளிக்கூடத்துப் பாடம் முழுவதையும் என் தலையில் கொட்டுவார். கோயிலுக்கென்று சொல்லிப் புறப்பட்டு மந்திரகாரரிடம் போனேன். அவர் விரல் நீளத்தில் நாலு இரும்பு ஆணி ஓதித் தந்தார். அந்தக் குளிக்கிற அறையின் நாலு மூலைக்கும் காவல் போடச் சொன்னார்.

நீங்களும் உங்கள் மச்சானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் பரிமாறிவிட்டு, அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டு போய், ஈரச் சாந்தில் மூலைக்கு ஒன்றாக அறைந்தேன். தலை தெரியாமல் மேலே தடவி விட்டேன். திரும்பிவந்து உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். அடுத்த நாள் நீங்கள் ஓடு பதித்தீர்கள்.

இதை எழுதும்போதே எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மூன்று கிழமை போக, என் கட்டில் பக்கத்துச் சுவரில் கைவைத்தேன். குளிர்ந்தது. ஒரு பாய் அகலத்துக்குச் சுண்ணாம்பு கறுத்திருந்தது. உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் சுவரைத் தடவிப் பார்த்தீர்கள், நம்பாமல் முகர்ந்தும் பார்த்தீர்கள். “நிண்ட தண்ணி எப்பிடி இறங்கும்?” என்று உங்களுக்கே சொல்லிக்கொண்டு அலவாங்கை எடுத்தீர்கள். மூலை ஓட்டைக் கிளப்பும்போது கதவைச் சாத்தினீர்கள். தூசு வரும் என்று சொன்னீர்கள். அரை நாள் உள்ளேயே இருந்தீர்கள். வெளியே வந்தபோது உங்கள் முகத்தில் கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

“என்ன பிழை?” என்று உங்கள் மச்சான் கேட்டார்.

“என்ரை பிழைதான் மச்சான். மூலை மடிப்பிலை கவனிக்கேல்லை. ஈயம் உருக்கிப் பற்றுவைச்சிட்டன்.”

நான் கேட்டுக்கொண்டு நின்றேன். மனதுக்குள் உங்கள் மேல் இரக்கப்பட்டேன். ஆனால் ஈயத்தை விடக் கண்ணூறுதான் காரணம் என்று எனக்கு உறுதி. காவலையும் மீறி வந்திருக்கிறது என்றால் எவ்வளவு பொல்லாத கண் அது. மந்திரகாரரிடம் ஓடினேன். அவர் இன்னும் நீளமாக நாலு ஆணி தந்தார். இந்தத் தரம் ஓடு பதித்திருந்தது. மூலைகளில் ஓட்டுக்கு இடையில் இருந்த பச்சைச் சாந்துக்குள்ளால் அறைந்தேன். நல்ல காரியம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு செய்தேன்.

சுவர் காய்ந்து வந்தது, பிறகு மறுபடி கறுத்தது. ஐப்பசி மழை வேறு தொடங்கிவிட்டது. சரியாக அந்தக் கிழமை பென்சன்காரர் வந்தார். நீங்கள் அவரை உள்ளே விடாமல் விறாந்தையில் வைத்தே கதைத்திருக்கலாம். உங்களுக்கு அப்படி வராது. கூட்டிக்கொண்டுபோய் ஈரச் சுவரைக் காட்டினீர்கள். உங்கள் மச்சானுக்குப் பொறுக்கவில்லை. என் வயிறு அப்போது எட்டு மாதம். பயத்தில்தான் கத்தினார், அதை இன்றைக்கு அவருக்காகச் சொல்கிறேன். ஆனால் அவர் சொன்னதை மாற்ற முடியாது.

“ரெண்டு தரம் ஒழுகிப்போச்சு. சொந்தத் தங்கச்சி வீட்டிலையே உப்பிடி எண்டால் ஊரார் வீட்டிலை என்ன செய்வீர்? உம்மை நம்பி நான் பிள்ளையைப் பணயம் வைச்சிருக்கிறன்.”

பென்சன்காரர் கைத்தடியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். “பிறகு பாப்பம் தம்பி” என்றார். பிறகு அவர் வரவே இல்லை. கொழும்பிலிருந்து ஆள் பிடித்ததாகக் கேள்விப்பட்டோம். இன்னும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், அவர்களும் பேசாமல் விட்டுவிட்டார்கள். சனம் உங்களுக்கு ‘ஒழுக்குமேசன்’ என்று பட்டம் வைத்தது. சந்தையில் மீன் விற்கிறவள்கூட அதைச் சொல்லிச் சிரித்தாள். நான் அவளிடம் மீன் வாங்குவதை நிறுத்தினேன். அவ்வளவுதான் நான் உங்களுக்காகச் செய்தது.

இரண்டாம் தரம் நீங்கள் கிளப்பத் தொடங்குமுன் என் அறை வாசலில் வந்து நின்றீர்கள். நான் கட்டிலில் கிடந்தேன்.

“பயமோ பிள்ளை?” என்று கேட்டீர்கள்.

“ஓம் அண்ணை.”

“கன பயமோ?”

“ஓம்.”

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். “சரி, பயப்படு. நான் பாக்கிறன்” என்றீர்கள். பயப்படாதே என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த நாளில் நீங்கள் மட்டும் அப்படிச் சொன்னது எனக்கு விசித்திரமாக இருந்தது. பிள்ளைப்பேற்றைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

இந்தத் தரம் நாலு நாள் வேலை செய்தீர்கள். மூலைகளில் ஓடு வைக்காமல், உள்ளங்கை அகலத்துக்குச் சீமெந்தைத் திரட்டி உயர்த்திக் கட்டிவிட்டீர்கள். நாலு மூலையிலும் நாலு கொழுக்கட்டை மாதிரி. உங்கள் மச்சான் பார்த்துவிட்டு, “உதென்ன வடிவு?” என்று கேட்டார். மூலையில் அழுக்குத் தங்காது என்றீர்கள். நீங்கள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து நான் மூன்றாவது காவலையும் போட்டேன். முந்தின ஆணிகளைப் போல இல்லை, நான்கும் மெத்தென்று இறங்கின. தலை மட்டத்துக்கு வந்ததும் தாங்களாகவே நின்றன. சாமி ஏற்றுக்கொண்டது என்று நினைத்துக் கும்பிட்டேன்.

பிறகு ஒழுகவில்லை. மார்கழி முழுக்க மழை கொட்டியது, சுவர் சந்தனம் பூசினது போலக் காய்ந்து கிடந்தது. பிள்ளை பிறந்தாள். மூன்றாம் நாள் போய், ஐந்தாம் நாள் போய், முப்பத்தோராம் நாள் துடக்கும் கழிந்தது. நொச்சியும் ஆடாதோடையும் அவித்த தண்ணீரை அந்த அறையில்தான் எனக்கு வார்த்தார்கள். நீங்கள் வெளியே நின்று, “தண்ணி நல்லாய்ப் போகுதோ?” என்று கேட்டீர்கள். பிள்ளையைக் கையில் வாங்கி, அவள் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தீர்கள். அடுத்த கிழமை பெட்டியைக் கட்டினீர்கள்.

“ஏன் அண்ணை, இருங்கோவன்” என்றேன்.

“இஞ்சை எனக்கு வேலை தர ஆர் இருக்கினம்?” என்றீர்கள், குற்றம் சொல்கிற குரலில் இல்லை. பொழுது எத்தனை மணி என்று சொல்வது போலச் சொன்னீர்கள்.

நான் உங்களை மறித்து இன்னும் நாலு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அண்ணை: எனக்கும் உங்கள் கைவேலையில் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டிருந்தது. வீட்டைக் காத்தவை என் ஆணிகள் என்று நம்பினேன். மலாயாவிலிருந்து நீங்கள் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும், பிள்ளையைப் பற்றிக் கேட்டதற்குக் கீழே, ‘குளிக்கிற அறை ஒழுகுதோ?’ என்று ஒரு வரி இருக்கும். பாவம், மனுசனுக்கு இன்னும் அந்த நோவு போகவில்லை என்று நினைப்பேன். ‘ஒழுகவில்லை’ என்று எழுதுவேன். எழுதும்போது எனக்கு ஒரு சின்னப் பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கு என் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நேற்று அரியாலை மேசன் நடுவில் இருந்த ஓடுகளையும் சாந்தையும் எடுத்துவிட்டுத் தகட்டைக் கண்டான். விரலால் சுரண்டித் தாரைப் பார்த்தான். வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, “ஆர் செய்த வேலை?” என்று கேட்டான்.

“இவவின்ரை தமையன்” என்றார் உங்கள் மச்சான். “ரெண்டு தரம் ஒழுகித்தான் சரிவந்தது.”

“உது ஒழுகாது ஐயா. நான் இருவது வருசம் வேலை செய்யிறன், மூலையை இப்பிடி மடிச்சதை இண்டைக்குத்தான் காணுறன்.” அவன் குந்தி இருந்து அந்தச் சீமெந்துக் கொழுக்கட்டைகளில் ஒன்றைத் தட்டி உடைத்தான். உடைத்ததைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். பிறகு கீழே தகட்டைத் துடைத்தான்.

“இஞ்சை பாருங்கோ. தகட்டிலை ரெண்டு பற்று, புளியங்கொட்டை அளவு. மடிப்பிலை இல்லை, மடிப்புக்குத் தள்ளித் தட்டையான இடத்திலை. ஆரோ ரெண்டு தரம் ஆணி அறைஞ்சு ஓட்டையாக்கியிருக்கினம். மனுசன் அதைக் கழட்டிப்போட்டுப் பற்றுவைச்சிருக்கு.” மற்ற மூலைகளையும் போய்த் தட்டிப் பார்த்தான். “நாலும் ஒரே மாதிரிக் கட்டினதுதான்.”

உங்கள் மச்சான் குனிந்தார். அவன் கையில் இருந்ததைக் காட்டினான். “இதுதான் எனக்கு விளங்கேல்லை. மேலை மெத்தெண்டு சுண்ணாம்பு வைச்சு, கீழை கருங்கல் துண்டு வைச்சுக் கட்டியிருக்கு. ஆணி இறங்கவும் வேணும், தகட்டுக்குப் போகவும் கூடாது எண்டு செய்தது. பாருங்கோ, ஆணி கல்லிலை முட்டி நிக்குது. ஆணி அறையிறவைக்கு எண்டு ஆரும் உப்பிடி இடம் விட்டுக் கட்டுவினமோ?”

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நொடியில் விளங்கவில்லை, அண்ணை. ஒவ்வொன்றாக விளங்கியது. முதலில், ஒழுகவைத்தது யார் என்பது. பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் அரை நாள் உள்ளே இருந்தது. பிறகு, என்ரை பிழைதான் என்றது. பென்சன்காரருக்கு முன்னால், முதல் நாலு ஆணியையும் கண்ணால் பார்த்த மனுசன், ஒரு சொல் சொல்லாமல் நின்றது. சொல்லியிருந்தால் உங்கள் மச்சான் என்னை ஏசியிருப்பார், ஆணிகளைப் பிடுங்கி எறிந்திருப்பார். காவல் இல்லாத வீட்டில் நான் பிள்ளை பெறப் போயிருப்பேன், பயத்திலேயே செத்திருப்பேன். உங்களுக்கு அது தெரிந்திருக்கிறது. என் பயத்தைப் போக்க முடியாது என்று கண்டு, அது இருக்க ஓர் இடம் கட்டித் தந்துவிட்டுப் போனீர்கள்.

“நான்தான்” என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். அந்நிய மனுசன் நிற்கிறான் என்றும் பார்க்கவில்லை. மந்திரகாரர், அம்மிக் குழவி, மூன்று தரம், எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் மச்சான் கத்துவார் என்று இருந்தேன். கத்தியிருந்தால் நல்லது. அவர் வாசற்படியில் இருந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அப்ப அவன் போயிருக்கத் தேவையில்லை” என்றார்.

“ஓம்” என்றேன்.

அவ்வளவுதான் நாங்கள் கதைத்தது. மேசன் மெல்ல, “மற்ற மூண்டையும் உடைக்கட்டோ, ஆணியைக் கழட்டட்டோ?” என்று கேட்டான். நான் வேண்டாம் என்றேன். உடைத்ததையும் பழையபடியே கட்டச் சொன்னேன். ஆணியில் எனக்கு இன்னும் நம்பிக்கையா என்று கேட்டால், தெரியாது. பிள்ளைக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. நேற்று அவளுக்குக் கொஞ்சம் சளியும் தடிமனும் என்றதும் என் மனம் எங்கெல்லாமோ ஓடியது. நான் திருந்திவிட்டேன் என்று உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன்.

இன்று காலை தார் காய்ச்சத் தொடங்கியதும் உங்கள் மச்சான் சால்வையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்தது. பென்சன்காரர் இன்னும் இருக்கிறார், அதே வீட்டில். பதினொரு வருடம் பிந்தியாவது அந்த மனுசன் காதில் விழட்டும் என்று எனக்கும் தவிப்பு. இந்தக் கடிதத்தில் பாதி, படலைக்கும் குசினிக்கும் நடந்த நடைக்கு நடுவில் எழுதியதுதான். பஸ் வருகிற சத்தம் கேட்டால் எழும்பிப் போனேன், வந்து இருந்து இரண்டு வரி எழுதினேன்.

இப்போதுதான் வந்தார். சால்வையைக் கொடியில் போட்டார்.

“சொல்லிப்போட்டன்” என்றார்.

“என்ன சொன்னவர்?”

“ஆரைச் சொல்லுறீர் மாஸ்டர் எண்டு கேட்டவர். நான் அடையாளம் எல்லாம் சொன்னன். ஈயத் தகட்டைச் சொன்னன், பூவாளியைச் சொன்னன். நல்லாய் யோசிச்சுப் பாத்தவர். ஞாபகம் வரேல்லை.” செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். “தேத்தண்ணி தந்தவர். குடிச்சிட்டு வந்தன்.”

அவர் கிணற்றடிக்குப் போய்விட்டார். குளியலறை உடைந்து கிடக்கிறது அல்லவா. கிணற்றுத் துலா இறங்குவதும் ஏறுவதும் கேட்கிறது. ஒரு வாளிக்கும் அடுத்த வாளிக்கும் நடுவில் கன நேரம் போகிறது, நின்று அழுகிறார் என்று நினைக்கிறேன். நான் போகவில்லை.

பட்டம் வைத்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள், மற்றவர்கள் மறந்துபோனார்கள். உங்களைக் கப்பலில் ஏற்றிவிட்ட சொல், சொன்னவர்களுக்கே நினைவில் இல்லை. அதைத் திருத்த ஒருவர் வாசலும் மிச்சம் இல்லை. சொன்னால் ஏதோ குறையும் என்று நேற்றிலிருந்து ஓடித்திரிந்தேன், குறையவில்லை. இனி இது என்னோடு கிடக்கட்டும். தெரியவேண்டியவர் நீங்கள் ஒருவர்தான், உங்களுக்கு அது முதல் நாளே தெரியும். இருந்தாலும் என் கையால் ஒரு தரம் எழுதிவைக்கிறேன்.

உங்கள் வேலை ஒழுகவில்லை, அண்ணை. நான்தான் ஒழுகவைத்தேன்.